உங்களுக்குத் தெரியுமா? மின்சாரக் காரையும் படுக்கவைக்கும் சின்ன பேட்டரி

மின்சாரக் கார் நடுவழியில் நின்றால், எல்லோரும் சந்தேகப்படுவது தரைத்தளத்துக்கு அடியில் கிடக்கும் பெரிய பேட்டரியைத்தான். ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி-யின் கணக்கு வேறு மாதிரி. 2024-இல் அதன் மெக்கானிக்குகள் போய்ப் பார்த்த மின்சாரக் கார்களில் ஏறக்குறைய பாதி, பெட்ரோல் காரிலும் இருக்கும் அதே 12 வோல்ட் பேட்டரியால் நின்றவை!

பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் கான்டாக்டர் சுவிட்சை இயக்குவதே இந்தச் சின்னதுதான். இது உயிரை விட்டால், முழு சார்ஜ் இருந்தும் கார் ஊமை.

ஆனாலும், அதே ஏடிஏசி கணக்கில், 2 முதல் 4 வயதுக் கார்களில் ஆயிரத்துக்கு 4.2 மின்சாரக் கார்கள்தான் பழுதாகி நின்றன. இன்ஜின் கார்களில் அது 10.4. இன்ஜின் ஆயில், ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட் என்ற தொல்லைகளே மின்சாரக் காரில் கிடையாதே!

இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 2023-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், மின்சாரக் கார்களின் கோளாறுகள் பெட்ரோல் கார்களைவிடச் சராசரியாக 79 சதவீதம் அதிகம். சார்ஜிங், பேட்டரி தொடர்பான புகார்கள் நிறைய.

பிரேக்கின் கதைதான் வேடிக்கை. வேகத்தைப் பெரும்பாலும் மோட்டாரே குறைத்துவிடுவதால் பிரேக் பேடு அதிகம் தேயாது. ஆனால், வேலையில்லாமல் கிடக்கும் டிஸ்க்கில் துருப்பிடிக்கும்.