பல குரல்கள்... ஒரே பாலன்!

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்க நெருங்க, நம் பங்குகளில் இரண்டு வேலைகள் சூடுபிடிக்கும். ஒன்று, குடில் கட்டுவது. மற்றொன்று, பாடல் பயிற்சி. குடில் கட்டுவதில் மனத்தாங்கல் வருவது குறைவு. பாடல் பயிற்சியிலோ... சொல்லவே வேண்டாம்! "பழைய பாட்டையெல்லாம் விட்டுட்டீங்களே" என்று பெரியவர்கள் வருந்துவார்கள். "எத்தனை வருஷத்துக்குத்தான் அதையே பாடுறது?" என்று இளையோர் கேட்பார்கள். ஒருவருக்குக் கர்நாடக இசை பிடிக்கும். இன்னொருவருக்குக் கீபோர்டும் ரிதம் பேடும் வேண்டும். மூத்தவர் ஒருவருக்கு இலத்தீன் பாடல் இல்லாவிட்டால் அது கிறிஸ்மஸே அல்ல. கடைசியில் யாரோ ஒருவர் கோபித்துக்கொண்டு பாடகர் குழுவை விட்டே விலகிவிடுவதும் உண்டு. அமைதியின் அரசரை வரவேற்கும் பாடலுக்காகவே நமக்குள் அமைதி குலைந்துபோகிறது.

இப்படிப்பட்ட வேளையில் நாம் கேட்டுப் பார்க்கத்தக்க ஓர் இசைப்பதிவு உண்டு. 'கிறிஸ்மஸ் இன் வியன்னா' என்பது அதன் பெயர். 1992ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் நகர மன்ற மாளிகையில் நடந்த இசை நிகழ்ச்சி அது. அடுத்த ஆண்டே இசைத்தட்டாக வெளிவந்தது. அன்று மேடையில் நின்ற மூவர்: மாட்ரிட் நகரில் பிறந்து மெக்சிகோவில் வளர்ந்த பிளாசிடோ டொமிங்கோ, பார்சலோனாவின் ஹோசே கரேராஸ், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த டயானா ராஸ். முதல் இருவரும் 'ஓபரா' எனப்படும் இசை நாடகங்களில் புகழ்பெற்ற பாடகர்கள். மூன்றாமவரோ, 1960களில் 'சுப்ரீம்ஸ்' என்ற பெண்கள் குழுவில் பாடி உலகப் புகழ் பெற்றவர். ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் 'சோல்' இசையிலும் பாப் இசையிலும் ஊறியவர். இவர்களோடு வியன்னா சிம்பொனி இசைக்குழுவும், வியன்னாவுக்கு அருகிலுள்ள கும்போல்ட்ஸ்கிர்ஷன் என்ற சிற்றூரின் சிறுவர் பாடகர் குழுவும் இணைந்தன. அந்தச் சிறுவர் குழுவின் பெயருக்கு 'சிட்டுக்குருவிகள்' என்று பொருள்!

பட்டுப்புடவையையும் நூல் புடவையையும் சேர்த்துத் தைத்ததுபோல இருக்காதா என்று நமக்குத் தோன்றலாம். அந்தச் சந்தேகம் நியாயமானதே.

குரல்கள் எப்படி இணைகின்றன?

ஓபரா பாடகர் மைக் இல்லாமலே, முழு இசைக்குழுவின் ஒலியையும் தாண்டி, அரங்கின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடப் பயின்றவர். இசைக்குழுவின் ஒலி வலுக்குறைந்து போகும் 3000 ஹெர்ட்ஸ் அளவில் அவரது குரல் கூர்மையாக ஒலிக்கிறது. அதனால்தான் அத்தனை வயலின்களுக்கு நடுவிலும் அது அமுங்கிவிடுவதில்லை. பாப் பாடகரின் கலை வேறு. அவர் மைக்கை உதட்டருகே வைத்து, காதோடு பேசுவதுபோலப் பாடுகிறார். மூச்சின் ஓசைகூட அவர் பாட்டில் ஓர் அங்கம்தான்.

இந்த இருவரையும் ஒரே பாட்டில் நிறுத்தினால் என்ன ஆகும்? ஓபரா பாடகர் தன் முழு பலத்தையும் காட்டினால், பக்கத்தில் நிற்பவரின் குரல் காணாமல் போய்விடும். எனவே அவர் தம் குரலை அடக்கிக்கொள்ள வேண்டும். பாப் பாடகரும் தமக்கு வசதியான இடத்தில் மட்டும் நிற்க முடியாது. நீண்ட சுரங்களைத் தளர்வின்றிப் பிடித்து, பெரிய இசைக்குழுவோடு காலம் தவறாமல் செல்ல வேண்டும். எல்லாருக்கும் பொதுவான சுருதி ஒன்றைத் தேட வேண்டும். அந்தச் சுருதி ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் அசௌகரியமாகத்தான் இருக்கும்.

இந்த வேலையில் மேடையில் தெரியாத ஒருவருக்கும் பெரும் பங்கு உண்டு. பாடல்களை மூன்று குரல்களுக்கும் இசைக்குழுவுக்கும் ஏற்றவாறு அமைத்துக் கொடுத்தவர் லாலோ ஷிஃப்ரின். அர்ஜென்டினாவில் பிறந்து, ஜாஸ் இசையிலும் திரையிசையிலும் பெயர்பெற்று, 2025ஆம் ஆண்டு மறைந்தவர். யார் எந்த வரியைப் பாடுவது, யார் எங்கே ஒதுங்கி நிற்பது, மூவரும் எப்போது ஒன்றுசேர்வது என்றெல்லாம் முடிவு செய்வது இசையமைப்பவரின் பொறுப்பு. அன்று இசைக்குழுவை நடத்தியவர் குரோவேஷியாவின் வியெகொஸ்லாவ் ஷூட்டெய்.

எல்லாப் பாடல்களும் ஒரே அளவில் வெற்றி பெற்றன என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் மூன்று குரல்களும் மூன்று வழியில் போவது நம் காதுக்கே தெரியும். ஆனால் ஒருவர் பாடும்போது மற்றவர் தம் குரலைத் தாழ்த்தி வழிவிடும் இடங்களில், அந்தப் பதிவு நம்மைத் தொடுகிறது. அங்கே யாரும் தம் பாணியைக் கைவிடவில்லை. தம் அளவைத்தான் குறைத்துக்கொள்கிறார்கள்.

இந்த நிகழ்ச்சி அதோடு நிற்கவில்லை. 1990கள் முழுவதும் வியன்னாவில் தொடர்ந்தது. 1993இல் அமெரிக்காவின் டியான் வார்விக் பாடினார். 1994இல் ஆர்மீனிய வழிவந்த பிரெஞ்சுப் பாடகர் சார்ல்ஸ் அஸ்னவூரும் நார்வே நாட்டின் சிசெல்லும் பாடினர். 1996இல் ராக், பாப் பாடகர் மைக்கேல் போல்ட்டனும் சீனாவின் ஹுவாங் யிங்கும் டொமிங்கோவோடு நின்றனர்.

ஒரே குரல் வகை, இரண்டு பேர்

டொமிங்கோவும் கரேராஸும் அந்நாளில் ஒரே வகைக் குரலில் பாடியவர்கள். இருவரும் 'டெனார்', அதாவது ஆண்களின் உயர்ந்த சுருதிக் குரல். ஒரே கதாபாத்திரத்துக்கு இருவரும் போட்டியாளர்களாக இருந்தார்கள். நம் பாடகர் குழுவில் தனிப்பாடல் ஒன்றுக்கு இருவர் தகுதியாக இருந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும் அல்லவா!

இவர்களைப் பற்றி ஒரு கதை மின்னஞ்சல்களில் சுற்றி, மறையுரைகளிலும் சொல்லப்பட்டு வந்தது. இருவரும் அரசியல் காரணமாகப் பகைவர்கள் என்றும், கரேராஸ் நோயுற்றபோது டொமிங்கோ இரகசியமாக ஓர் அறக்கட்டளை தொடங்கி அவரைக் காப்பாற்றினார் என்றும் அது சொல்லும். நெஞ்சை உருக்கும் கதைதான். ஆனால் உண்மையல்ல. நல்ல கருத்துக்காகவே சொன்னாலும், பொய்யைக் கொண்டு நற்செய்தியை வளர்க்க முடியாது.

நடந்தது எளியது. 1987இல் கரேராஸுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. பார்சலோனாவிலும் அமெரிக்காவின் சியாட்டல் நகரிலும் சிகிச்சை பெற்றார். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையும் நடந்தது. 1988இல் குணமாகி மீண்டும் பாட வந்தார். அதே ஆண்டில் இரத்தப் புற்றுநோய்க்கு எதிரான அறக்கட்டளை ஒன்றைத் தாமே தொடங்கினார். 1990இல் உரோமை நகரில் டொமிங்கோவும் பவரொட்டியும் அவரோடு ஒரே மேடையில் பாடி, அந்த அறக்கட்டளைக்கு நிதி திரட்ட உதவினார்கள். இதில் இரகசியம் எதுவுமில்லை. போட்டியாளர் ஒருவர் உயிர்பிழைத்து வந்தபோது, அவருக்கு அருகில் நின்று பாடினார்கள். அவ்வளவுதான். சாவின் விளிம்பிலிருந்து திரும்பி வந்த அந்தக் குரலைத்தான் வியன்னாவின் கிறிஸ்மஸ் பதிவில் நாம் கேட்கிறோம்.

இரண்டு பேர், ஒரு கித்தார்

அந்தப் பதிவில் மூவரும் சேர்ந்து பாடும் பாடல்களில் ஒன்று, 'சைலண்ட் நைட்' என்று நாம் அறிந்த பாடல். அது ஆஸ்திரிய மண்ணின் பாடல். வரிகளை 1816இல் எழுதியவர் யோசேப் மோர் என்ற இளம் அருள்பணியாளர். மெட்டமைத்தவர், பள்ளி ஆசிரியரும் ஆர்கன் வாசிப்பவருமான பிரான்ஸ் க்ரூபர். 1818ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் முன்னிரவில், ஓபெர்ன்டோர்ஃப் என்ற ஊரின் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் அது முதன்முதலாகப் பாடப்பட்டது. அருள்பணியாளர் மேல் சுருதியில் பாடியபடி கித்தார் வாசித்தார். ஆசிரியர் கீழ்ச் சுருதியில் பாடினார். பாடகர் குழு உடன் சேர்ந்தது. ஆலயத்துக்குரிய கருவியாக அன்று எவரும் நினைக்காத கித்தாரோடு, இரு வேறு குரல்களுக்காகப் பிறந்த பாடல் அது!

அந்தப் பாடலை உரக்கப் பாட முடியாது. உரக்கப் பாடினால் குழந்தை விழித்துக்கொள்ளும். ஓபராவின் பேரரசர்களும் பாப் இசையின் அரசியும் அங்கே குரலைத் தாழ்த்தியே ஆக வேண்டும். தொட்டிலுக்கு முன்னால் எல்லாரும் குனிகிறார்கள்.

நம் பங்குக்கு என்ன செய்தி?

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வியன்னாவில் நடந்தது இசை நிகழ்ச்சி, திருப்பலி அல்ல. நடந்த இடமும் நகர மன்ற மாளிகை, ஆலயம் அல்ல. அங்கே மக்கள் இரசிகர்கள். திருப்பலியிலோ மக்களே பாடுபவர்கள். எனவே அதை அப்படியே நம் பீடத்தருகே கொண்டுவர வேண்டியதில்லை. 1963இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாடு பற்றிய ஏடு, கிரகோரியன் இசைக்கு முதலிடம் தருகிறது. மற்ற வகை இசைகளையும் அது விலக்கவில்லை. மக்களினங்களுக்குச் சொந்தமான இசை மரபுகளை மதிக்கச் சொல்கிறது. பாடகர் குழுவை ஊக்குவிக்கும் அதே ஏடு, இறைமக்கள் அனைவரும் பாடுவதில் பங்குபெற வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. ஆகவே இலத்தீனா, கர்நாடகமா, மெல்லிசையா என்ற கேள்விக்கு, 'எது வழிபாட்டுக்குப் பொருந்துகிறது, எதில் மக்கள் இணைந்து செபிக்க முடிகிறது' என்பதே அளவுகோல்.

நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பாடல்களை அல்ல, வழிவிடும் பண்பை. தூய பவுலடியார் ஓர் உடலையும் பல உறுப்புகளையும் பற்றி எழுதியதும் இதைத்தான். கண் கையாக மாற வேண்டியதில்லை. ஆனால் கை தனக்குத் தேவையில்லை என்று கண் சொல்லக்கூடாது.

இந்த ஆண்டு பாடல் பயிற்சிக்குப் போகும்போது சில சிறு முயற்சிகள் செய்து பார்ப்போமா? நமக்கு எட்டும் சுருதியை விட்டு, கூட்டத்தில் பின்வரிசையில் நிற்கும் பாட்டிக்கும் எட்டும் சுருதியில் தொடங்கலாம். நல்ல குரல் உள்ளவர் மைக்கிலிருந்து ஓர் அடி தள்ளி நிற்கலாம். இளையோர் மூத்தவர்களிடம் ஒரு பழைய பாடலைக் கேட்டுக் கற்கலாம். மூத்தவர்கள் இளையோரின் புதுப் பாடல் ஒன்றுக்கு இடம் தரலாம். கோபித்துக்கொண்டு விலகிப்போனவரின் வீட்டுக் கதவை, திருவருகைக் காலம் முடிவதற்குள் யாராவது ஒருவர் தட்டலாம். அந்த ஒருவர் நாமாகவே இருக்கட்டுமே!

பெத்லகேமில் பாடிய வானவர்களின் சுருதி என்ன என்று நற்செய்தியாளர் லூக்கா எழுதி வைக்கவில்லை. பாடியது ஒருவரல்ல, பெருந்திரள் என்று மட்டுமே குறித்து வைத்தார். அந்தத் திரளில் நமக்கும் இடமுண்டு. நமக்குப் பிடிக்காத பாணியில் பாடுபவருக்கும் இடமுண்டு. குடிலின் முன் நாம் ஒன்றாக நின்று பாடும்போது, பக்கத்தில் நிற்பவரின் குரல் நம் காதில் விழுகிறதா? விழுந்தால், நாம் சரியான அளவில்தான் பாடிக்கொண்டிருக்கிறோம்.