உங்களுக்குத் தெரியுமா? பசையில்லாமல் ஒட்டும் பல்லி!

நம் வீடுகளில் விளக்கடியில் பூச்சிக்குக் காத்திருக்கும் சுவர்ப்பல்லியின் காலில் துளிப் பசையும் இல்லை!

● பல்லியின் விரலடியில் நுண்மயிர்கள் அடர்ந்திருக்கும். ஒவ்வொரு மயிரின் நுனியும் நூற்றுக்கணக்கில் கிளை பிரியும். அவை சுவரை மிக நெருங்கும்போது எழும் ‘வாண்டர்வால்ஸ்’ என்னும் மூலக்கூறு ஈர்ப்பே பல்லியைத் தாங்குகிறது. ஆய்வாளர் கெல்லர் ஆட்டம் குழுவினர் 2002-இல் சோதனைகளால் இதை உறுதிசெய்தனர்.

● காலைச் சற்றுச் சாய்த்தால் பிடி விட்டுவிடும். அதனால்தான் பல்லியால் ஓடவும் முடிகிறது.

● பல்லியின் இந்த ஒட்டும் முறையைப் பின்பற்றி 2003-இல் மான்செஸ்டரில் இயற்பியலாளர் ஆந்திரே கெய்ம் குழுவினர் ‘பல்லி நாடா’ என்னும் ஒட்டு நாடாவை உருவாக்கினர்.

● விண்வெளியில் காற்றில்லாததால் உறிஞ்சிப் பிடிக்கும் கருவிகள் பயன்படா. பல்லிப் பிடிக்கோ காற்றே வேண்டாம்! விண்வெளிக் குப்பையைப் பிடிக்க உதவும், பல்லிக் காலைப் போல் ஒட்டும் பிடிப்பான்களை நாசா சர்வதேச விண்வெளி நிலையத்தில் சோதித்துள்ளது.