படகைக் கட்டும் முன் கம்ப்யூட்டரைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் இரண்டு மாதம் பாட்டு, சினிமா, கேம்ஸ் என்று ஓடும். அதன் பிறகு பையனின் புராஜெக்ட், கரன்ட் பில், ரயில் டிக்கெட். ராயபுரத்தில் தொடங்கி திருவொற்றியூர், எண்ணூர் வரை உள்ள கடலோரத் தெருக்களில் அதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. வீட்டு வாசலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், குடும்பத்தின் மொத்த முதலீடும் ஒரு கயிற்றில் கட்டப்பட்டு மிதந்துகொண்டிருக்கிறது. அந்தக் கயிறு இன்று இரவு எந்தப் பக்கம் இழுபடும், எவ்வளவு வேகமாக இழுபடும் என்பதை வீட்டு மானிட்டரிலேயே, இன்டர்நெட் கட்டணம் தவிர வேறு செலவில்லாமல் பார்த்துவிடலாம்.

முட்டுக்காடு பக்கம் கடற்கரை பங்களாவில் உல்லாசப் படகு வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். நாம் இங்கே எடுத்துக்கொள்வது வடசென்னையில் அதிகம் காணும் 28 முதல் 32 அடி நீள பைபர் படகை. உங்கள் வீட்டில் படகு இல்லாவிட்டாலும் தொடர்ந்து படியுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டால் பார்த்துச் சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காற்று இல்லை, ஆனால் கடல் வருகிறது

பெரும்பாலானவர்கள் செய்வது என்ன? பிரவுசரைத் திறந்து "சென்னை வெதர்" என்று டைப் செய்வார்கள். வெயில் படமும் 33 டிகிரியும் வரும். நல்லது என்று மூடிவிடுவார்கள். வடாம் காயப்போட அந்தத் தகவல் போதும், படகு கட்டப் போதாது.

காரணம், நம் நாட்டில் வானத்தைப் பார்ப்பது ஓர் அமைப்பு, அலையைக் கணிப்பது வேறோர் அமைப்பு. மழை, காற்று, புயல் ஆகியவற்றை இந்திய வானிலை ஆய்வு மையம் சொல்கிறது. அலையின் உயரம், கடல் சீற்றம், சுனாமி ஆகியவற்றை ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசு மையம் சொல்கிறது. கூகுள் தேடல் கட்டத்தில் ஐ, என், சி, ஓ, ஐ, எஸ் என்ற ஆறு ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டினால், முதலில் வருவது பெரும்பாலும் அதன் தளம்தான். முகவரியின் கடைசியில் "ஜிஓவி டாட் இன்" என்று இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தளங்களையும் ஏன் பார்க்க வேண்டும்? நமக்குத் தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் ஒரு புயல் சுழல்கிறது. அது நம் பக்கம் வரவே வராது. ஆனால் அது கிளப்பிய அலைகள் சில நாட்கள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். அன்று இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. சொல்லாமல் வருவதால் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். கேரளக் கரையிலும் தென் தமிழகக் கரையிலும் இது அதிகம். 2024 மே மாதம் இன்காய்ஸ் இதற்கான எச்சரிக்கை விடுத்திருந்த நாட்களில்தான், மே 6 அன்று, கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துச் சென்றது.

வட சென்னைக்கு இதில் இன்னொரு சிக்கல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் காசிமேட்டில் நெருக்கமாகக் கட்டப்பட்டு நிற்கும் மாதங்களும், இந்த வகை அலை வரும் மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன.

உயரத்தை விட்டு நொடியைப் பாருங்கள்

விண்டி என்ற தளத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். வண்ணக் கோலம் போல் காற்று ஓடும். அழகாக இருக்கிறது என்பதற்காக மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வலது பக்க மெனுவில் அலைகளுக்கான லேயரைத் தேர்ந்தெடுத்து, எண்ணூருக்கு நேர் கிழக்கே கடல் மேல் ஒரு கிளிக் செய்யுங்கள். அந்த இடத்துக்கான அட்டவணை கீழே விரியும். அதில் மீட்டரில் ஒரு எண் இருக்கும், அது அலை உயரம். நொடியில் ஒரு எண் இருக்கும், அதுதான் நமக்கு வேண்டியது. ஓர் அலை முகடு கடந்து அடுத்த முகடு வருவதற்கு ஆகும் நேரம் அது.

ஆழ்கடலில் அலையின் நீளம் என்பது இந்த நொடியை அதே எண்ணால் பெருக்கி, மீண்டும் 1.56-ஆல் பெருக்கினால் கிடைக்கும் மீட்டர். விண்டோஸ் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். 5 நொடி அலைக்கு 39 மீட்டர். 15 நொடி அலைக்கு 351 மீட்டர். இரண்டுமே ஒரு மீட்டர் உயரம்தான். ஆனால் முதலாவது படகைத் தாலாட்டிவிட்டுப் போகும். இரண்டாவது மொத்தத் தண்ணீரையும் நகர்த்திக்கொண்டு வரும். துறைமுக வாயில் வழியாக வளைந்து உள்ளேயும் நுழையும். படகு சில நொடிகள் முன்னால் போகும், சில நொடிகள் பின்னால் வரும், ஒவ்வொரு முறையும் கயிற்றை வெடுக்கென்று இழுக்கும். இரவு முழுக்க இப்படி நடந்தால் அறுவது கயிறோ, கொக்கியோ, கட்டை பிடித்த இடமோ ஏதாவது ஒன்று.

15 நொடி அலைக்கூட்டம் ஒரு நாளில் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் நகரும். எனவே இன்காய்ஸ் முன்கூட்டியே சொல்ல முடிகிறது. அதே தளத்தில், அகலம் 7 மீட்டர் வரை உள்ள சிறு படகுகளுக்கென்றே தனி எச்சரிக்கைச் சேவையும் இருக்கிறது. வண்ணப் படம் எதைச் சொன்னாலும் எச்சரிக்கை என்பது அரசு மையம் சொல்வதுதான் என்பதை மறக்க வேண்டாம்.

வெளிநாட்டுத் தளங்களில் நேரம் யுடிசி என்று போட்டிருந்தால் அதனுடன் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். நள்ளிரவு என்று அங்கே போட்டிருப்பது நமக்கு அதிகாலை 5.30. இதை மறந்தால் வாசித்தது எல்லாம் வீண்.

புயலில் காற்று திரும்பும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. முதலில் வடக்கிலிருந்து அடித்தது. கண் பகுதி கடந்தபோது சற்று நேரம் அடங்கியது. பிறகு தெற்கிலிருந்து அடித்தது. வடக்கே பார்த்து மட்டும் நல்ல கயிறு போட்ட படகுக்கு இரண்டாம் பாதியில் பிடிமானமே இல்லை.

நம் பக்கம் புயல் இடது சுழியாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். இதை மனதில் வைத்துக்கொண்டு வானிலை மையத்தின் தளத்தில் புயல் பாதைப் படத்தைத் திறக்கவும். புயல் கிழக்கிலிருந்து மேற்கே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மையம் நமக்குத் தெற்கே கரையேறினால் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். வாடையாகத் தொடங்கி, கிழக்காகி, தென்கிழக்குக்குப் போகும். படகு கரையில் மோதும் ஆபத்து இதில்தான். மையம் நமக்கு வடக்கே கரையேறினால் காற்று வடமேற்கு, மேற்கு என்று திரும்பி, படகைக் கடலுக்குள் தள்ளப் பார்க்கும்.

துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டுகளுக்கும் இதே கணக்குதான். டிவியில் "5-ஆம் எண் கூண்டு" என்று கேட்டுவிட்டு எண் பெரியதா சிறியதா என்று மட்டும் பார்க்கிறோம். 5-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம் பக்கம். 5 என்றால் துறைமுகம் புயல் பாதையின் இடது பக்கம் இருக்கும். 6 என்றால் வலது பக்கம். 7 என்றால் புயல் துறைமுகத்தின் மேலேயோ அருகிலோ கடக்கும். 8, 9, 10 என்பவை அதே மூன்று நிலைகள், புயல் இன்னும் கடுமையானது. மேற்கே நகரும் புயலுக்கு 6-ம் 9-ம் கடல் காற்று. கூண்டின் எண்ணை வைத்தே எந்தப் பக்கக் கயிற்றை இரட்டிப்பது என்று முடிவு செய்யலாம்.

காற்றின் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 40 கிலோமீட்டர் காற்று ஒரு பங்கு இழுத்தால், 80 நான்கு பங்கு, 120 ஒன்பது பங்கு. "போன முறை 80-க்கே தாங்கிச்சு" என்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

எங்கே நிறுத்துவது?

கூகுள் எர்த் புரோ சாப்ட்வேரை இலவசமாக டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். மேலே அளவுகோல் போன்ற ஐகான் தூரம் அளக்க. கடிகாரம் போன்ற ஐகான் பழைய ஆண்டுகளின் படம் பார்க்க.

முதலில் கடிகாரத்தைக் கிளிக் செய்து திருவொற்றியூர், எர்ணாவூர் கரையைப் பாருங்கள். கரையில் நீண்ட கற்குவியல்கள் தெரியும். இந்தக் கடற்கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகச் சுவர் அதை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே கரை தேய்ந்தது. அந்தக் காலத்தில் புயல் என்றால் படகை மணலில் மேலே இழுத்துவிடுவார்கள். இன்று பல குப்பங்களில் இழுக்க மணல் இல்லை. படகுக்கும் கல்லுக்கும் இடையே எத்தனை மீட்டர் என்று அளந்து பாருங்கள். கயிற்றின் நீளத்தைவிட அது குறைவாக இருந்தால் அங்கே கட்டாதீர்கள். தூண்டில் வளைவின் மறைவுக்கோ, 2025-இல் திறக்கப்பட்ட திருவொற்றியூர் குப்பம் சூரை மீன்பிடித் துறைமுகத்துக்கோ, காசிமேட்டுக்கோ கொண்டுபோக இடம் கிடைக்குமா என்று முந்தைய நாளே கேட்டு வைக்க வேண்டும்.

எண்ணூர் முகத்துவாரம் பாதுகாப்பாகத் தோன்றும். அலை அங்கே குறைவு, உண்மைதான். ஆனால் அது கொசஸ்தலை ஆற்றின் வாய். பூண்டி ஏரியில் தண்ணீர் திறந்தால் வந்து சேர்வது அங்கேதான். எனவே எண்ணூர்க்காரர்கள் சென்னைக் குடிநீர் வாரியத்தின் வெப்சைட்டில் ஏரி நிலவரத்தையும் தினமும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையில் கரையேறவே இல்லை, ஆந்திராவில் பாபட்லா அருகே கடந்தது. இருந்தும் அந்த மழை வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து வந்த எண்ணெய், முகத்துவாரத்தில் நின்ற படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. ஆற்றில் கட்டும்போது அணியம் நீர் வரும் திசையைப் பார்த்திருக்கட்டும். ஆகாயத் தாமரை வந்து கயிற்றில் சேராமல் பார்த்துக்கொள்ளவும்.

எக்ஸெல்லில் கயிறு

எக்ஸெல் திறந்து ஏ1 செல்லில் தண்ணீரின் ஆழம், ஏ2-வில் ஏற்றத்திலும் புயலிலும் கூடுதலாக உயரும் நீர், ஏ3-இல் நீர் மட்டத்திலிருந்து அணியத்தின் உயரம் ஆகியவற்றை மீட்டரில் டைப் செய்யவும். ஏ4-இல் சமக்குறி போட்டு, அடைப்புக்குறிக்குள் மூன்றையும் கூட்டி 7-ஆல் பெருக்கச் சொல்லவும். செல் பெயரை ஆங்கில எழுத்தில்தான் தர வேண்டும். 3, 1.5, 0.5 என்று கொடுத்தால் 35 வரும். நங்கூரத்துக்கு 35 மீட்டர் கயிறு வேண்டும் என்பது பொருள். கயிறு நீளமாக இருந்தால்தான் இழுப்பு படுக்கையாக இருந்து நங்கூரம் தரையைப் பற்றும். குட்டையாக இருந்தால் அதைத் தூக்கிவிடும்.

இந்த 7 மடங்கு விதி தனியாக நிற்கும் படகுக்கு. காசிமேட்டின் நெரிசலில் 35 மீட்டர் சுழல இடம் ஏது? அங்கே படகுகளைக் கூட்டமாகப் பிணைத்து, இடையில் பழைய டயர் தொங்கவிட்டு, இரு முனையிலும் கரைக்குக் கயிறு கொடுப்பதுதான் வழி. நீர் உயர்ந்தால் தொங்கிவிடாதபடி கயிற்றில் தளர்வு விடுங்கள். நைலான் கயிறு சற்று நீண்டு கொடுக்கும் என்பதால் வெடுக்கென்ற இழுப்பைத் தாங்கும். விளிம்பில் உரசும் இடத்தில் பழைய ஹோஸ் துண்டையோ கித்தானையோ சுற்றுங்கள்.

மழையையும் கணக்கிடுங்கள். மூடாத படகின் மேற்பரப்பு 14 சதுர மீட்டர் என்று வைத்தால், 30 சென்டிமீட்டர் மழைக்கு உள்ளே சேர்வது 4.2 டன் தண்ணீர். என்ஜினையும் வலையையும் முன்பே கழற்றிக் கரையேற்றச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான். கரையில் ஏற்றிய படகென்றால் அடியில் உள்ள அடைப்பானைக் கழற்றிவிடுங்கள்.

கரன்ட் போகும் முன்

புயல் அன்று கரன்ட் இருக்காது, இன்டர்நெட்டும் இருக்காது. யுபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும். எனவே முந்தைய மாலையே புயல் பாதை, கடல் ஏற்ற நேரம், அலை அட்டவணை மூன்றையும் பிரின்ட் எடுத்து வைக்கவும். பிரின்டர் இல்லாதவர்கள் பிடிஎப் ஆகச் சேமித்துப் போனில் ஏற்றிக்கொள்ளலாம்.

கூடவே ஒரு போல்டர் திறந்து அதற்குப் படகின் பதிவு எண்ணையே பெயராகக் கொடுங்கள். பதிவுச் சான்றிதழ், என்ஜின் பில், இன்சூரன்ஸ் இருந்தால் அது, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அதில் போடவும். படகை நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். பதிவு எண் தெளிவாகத் தெரியட்டும், என்ஜின் நம்பர் தனிப் படமாக இருக்கட்டும். கட்டி முடித்த பின் கயிறுகளுடன் ஒரு போட்டோ, தேதியோடு. போல்டரை உங்கள் இ-மெயிலுக்கே அனுப்பிவிட்டு, ஒரு காப்பியைப் பென் டிரைவில் போட்டு வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். கணக்கெடுக்க வரும்போது கேட்கப்படும் முதல் தாள் பதிவுச் சான்றிதழ்தான், நனைந்து போன தாளில் எண் தெரியாது.

கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து பிளக்கைப் பிடுங்குங்கள். தரைத்தளம் என்றால் சிபியுவைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்துவிட்டுக் கயிற்றைப் பார்க்கப் போங்கள்.