தூக்கத்துக்குப் பெண் பேசிய ஹீரா

கிரேக்கத் தெய்வங்களின் ராணி ஹீராவின் அறைக்குள் யாரும் நுழைய முடியாது. மகன் ஹெஃபைஸ்டஸ் அம்மாவுக்காக ரகசியத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்த கதவு அது. வேறெந்தத் தெய்வத்தாலும் திறக்க முடியாது. ஆனால் ஹோமர் இருக்கிறாரே, இலியட் காவியத்தின் 14-ஆவது காண்டத்தில் நம்மை நைசாக உள்ளே கூட்டிப் போய்விடுகிறார்!

அமிர்தத்தால் மேனியைத் துலக்கிக்கொண்டிருக்கிறாள் ஹீரா. அடுத்து வாசனை எண்ணெய். லேசாக அசைத்தாலே மணம் பூமிக்கும் வானத்துக்கும் எட்டுமாம். பின்னல், அதீனா செய்து தந்த ஆடை, நூறு குஞ்சம் தொங்கும் இடைக்கச்சை, மும்மணித் தொங்கட்டான். இத்தனையும் யாருக்காக? சொந்தப் புருஷனுக்காக!

கீழே டிராய்ப் போரில் ஹீராவின் கட்சியான கிரேக்கர்கள் செமத்தியாக அடிவாங்குகிறார்கள். தெய்வங்கள் யாரும் தலையிடக் கூடாது என்பது அவள் கணவன் சியூஸின் உத்தரவு. கடல்தேவன் போசைடன் மட்டும் திருட்டுத்தனமாகக் கிரேக்கர்களுக்கு உதவிக்கொண்டிருக்கிறான். ஐடா மலையில் உட்கார்ந்திருக்கும் சியூஸைத் தூங்க வைத்துவிட்டால்?

முதலில் அஃப்ரொடைட்டியிடம் போகிறாள். அவளோ டிராய் கட்சி. "ஓசியானஸும் டெத்திஸும் சண்டை போட்டுப் பேச்சில்லாமல் இருக்கிறார்கள், சேர்த்துவைக்கப் போகிறேன்" என்று ஹீரா கூசாமல் புளுக, எதிரணிக்காரி தன் மோகப் பட்டையையே கழற்றிக் கொடுத்துவிடுகிறாள்.

அடுத்து லெம்னோஸ் தீவு. தூக்கத்தின் தேவன் ஹிப்னோஸிடம் பேரம். தங்க நாற்காலி தருகிறேன் என்கிறாள். கால் வைத்துக்கொள்ள முக்காலியும் உண்டு. ஊஹூம்! ஏற்கெனவே ஒருமுறை, ஹெராக்ளிஸ் விவகாரத்தில், இவள் பேச்சைக் கேட்டு சியூஸைத் தூங்க வைத்தவன் அவன். விழித்த சியூஸ் வீட்டிலிருந்த தெய்வங்களையெல்லாம் தூக்கி வீச, இரவுத் தாயிடம் ஓடிப்போய் உயிர் தப்பியிருக்கிறான். சரி, பசித்தியா என்ற இளம் தேவதையைக் கட்டிவைக்கிறேன் என்கிறாள் ஹீரா. மாப்பிள்ளை உடனே சாய்ந்துவிட்டார்! ஆனாலும் உஷார் பேர்வழி, ஸ்டிக்ஸ் நதி மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கிளம்புகிறான்.

மலையுச்சியில் மனைவியைக் கண்டதும் சியூஸ் கிறங்கிப்போகிறான். "உன்மேல் இப்போது வந்த ஆசை யார்மேலும் வந்ததில்லை" என்பதோடு நிறுத்தியிருக்கலாம். முன்னாள் காதலிகள் ஏழு பேரை வரிசையாகச் சொல்கிறான், கட்டின பெண்டாட்டியிடமே! ஹீரா பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தங்க மேகம் சூழ்ந்துகொள்ள, மண்ணிலிருந்து குங்குமப்பூ முளைக்கிறது. தேவாதிதேவன் தூங்கிவிட்டான்.

ஹிப்னோஸ் ஓடிப்போய் போசைடனிடம் சேதி சொல்கிறான். சற்று நேரத்தில் கிரேக்க வீரன் அஜாக்ஸ் எறிந்த கல் டிராய் வீரன் ஹெக்டரின் மார்பைத் தாக்குகிறது. இலியோனியஸ் என்ற டிராய் இளைஞன் கண்ணில் ஈட்டி பாய்ந்து சாகிறான். அவன் அப்பா ஹெர்மிஸ் தேவனுக்கு மிகப் பிரியமானவர். ஆட்டு மந்தைகள் ஏராளம், பிள்ளை இவன் ஒருவன்தான்.

சியூஸ் கண்விழிக்கிறான். ரத்தம் கக்கும் ஹெக்டரைப் பார்த்ததும் புரிந்துவிடுகிறது. "முன்பு உன் காலில் பட்டடைக் கற்களைக் கட்டித் தொங்கவிட்டேனே, மறந்துவிட்டதா?" ஹீரா நடுங்கிக்கொண்டே சத்தியம் செய்கிறாள்: போசைடன் செய்வது என் ஏவலால் அல்ல. நுணுகிப் பார்த்தால் அது பொய்யில்லை, அவன் முன்பே களத்தில் இருந்தவன்தானே! சியூஸ் சிரித்துவிடுகிறான். அப்போலோவை அனுப்பி ஹெக்டரைத் தேற்றுகிறான். ஆட்டம் திரும்பவும் டிராய் பக்கம்.

ஹிப்னோஸ் கல்யாணம் என்ன ஆயிற்று? அதை ஹோமர் கடைசிவரை சொல்லவே இல்லை.