சாயப் புட்டிகளின் சாட்சியம்

ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேணப்படும் வரலாற்றுச் சாயத் தொகுப்பில், இயற்கைச் சாயங்களோடு, நிலக்கரித் தாரை மூலப்பொருளாகக் கொண்டு வளர்ந்த செயற்கைச் சாயங்கள் பத்தாயிரத்துக்கும் மேல் உள்ளன. ரிச்சர்ட் மோலாவ், வால்தர் கோனிக் முதலிய வேதியியலாளர்கள் சாயவியல் கற்பித்த இந்த இடத்தில், ஆலைகள் விற்ற பொடிகளும், சாயம் தோய்த்த நூலும் துணியும் ஒட்டிய நிற அட்டைகளும் சேர்ந்து கிடக்கின்றன.

வாய்பாடு தெரிந்த சாயத்தை வேண்டும்போது தயாரித்துக்கொள்ளலாமே, பழம்புட்டிகள் எதற்கு என்று கேட்போருக்கு மோவீன் என்ற ஊதாச் சாயமே தக்க விடையாகும். 1856இல் லண்டனில், 18 வயது வில்லியம் பெர்கின், மலேரியா மருந்தான குயினைனைச் செயற்கையாக ஆக்க முயன்றபோது தற்செயலாகக் கிடைத்தது அது. அதன் மூலக்கூற்று அமைப்பாகப் பாடநூல்கள் நெடுங்காலம் அச்சிட்டுவந்த படம் தவறானது என்பதை, அருங்காட்சியகங்களில் எஞ்சியிருந்த பழைய மாதிரிகளை ஆராய்ந்த ஓட்டோ மெத்-கோனும் மாண்டி ஸ்மித்தும் 1994இல்தான் வெளிப்படுத்தினர். மோவீன் ஒரே சேர்மமன்று, பல சேர்மங்களின் கலவை. பெர்கின் பயன்படுத்திய அனிலின் என்னும் தார்ப்பொருளில் டொலுயிடின் என்ற மாசு கலந்திருந்ததாலேயே அது உருவாயிற்று. சமையல் குறிப்பில் உள்ளதும் இலையில் விழுவதும் வேறாக இருப்பதுபோல், ஆலைச் சாயமும் அதன் வாய்பாடும் ஒன்றல்ல. பக்கவிளைபொருள்களும் செறிவைச் சீராக்கச் சேர்த்த உப்பும் பொடியிலேயே தங்கியிருக்கும், புத்தகத்தில் இரா.

துணிகளின் காலத்தைக் கணிப்போருக்கும் இம்மாதிரிகள் இன்றியமையாதவை. சோழமண்டலக் கரைத் துணிகளுக்குச் சிவப்பூட்டிய சாயவேரில் உள்ள அலிசரின் என்னும் நிறப்பொருளையே, 1868இல் கிரேபே, லீபர்மன் என்னும் வேதியியலாளர்கள் தாரிலிருந்து ஆக்கிக் காட்டினர். ஆகவே ஒரு பழந்துணியில் அலிசரின் இருப்பது மட்டும் அது வேரிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்பதைச் சொல்லிவிடாது. உடனிருக்கும் சிறு பொருள்களை, பிறப்பிடம் தெரிந்த இருவகை மாதிரிகளோடும் ஒப்பிட்டே தீர்ப்புக் கூற வேண்டும். பெயர்ச்சீட்டு உதிர்ந்த புட்டியால் இதற்குப் பயன் மிகக் குறைவு.

காஞ்சிபுரத்திலும் திருப்பூரிலும் சாயப்பட்டறை நடத்துவோர், ஷேடு கார்டு எனப்படும் பழைய நிற அட்டைகளை எடைக்குப் போடுமுன், ஆலையின் பெயரையும் வாங்கிய ஆண்டையும் எழுதி, அருகிலுள்ள கல்லூரியின் ஜவுளித் துறையிடமோ வேதியியல் துறையிடமோ ஒப்படைக்க வேண்டும். கல்லூரிகளும் அவற்றைக் காலாவதிச் சரக்கென்று ஒதுக்கிவிடலாகாது.