உஷார்! டப்பாவில் மூளை விற்கிறார்கள்

கைக்குழந்தை இருக்கும் வீடா? மருந்துக்கடையில் பால் பவுடர் டப்பாவைக் கையில் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். டி.எச்.ஏ., ஏ.ஆர்.ஏ., கோலின் என்று வாயில் நுழையாத பெயர்கள் டப்பாவில் மின்னும். மூளை வளர்ச்சிக்கு உதவும் என்று ஒரு வரி எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும். டப்பாவில் இல்லாவிட்டால் கம்பெனியின் இணையப் பக்கத்தில், அங்கேயும் இல்லாவிட்டால் செல்போனில் வரும் ரீல்ஸில். உஷார்! அந்த ஒரு வரிக்காகத்தான் உங்களிடம் கூடுதல் பணம் பிடுங்கப்படுகிறது.

இது ஏதோ ஒரு கம்பெனியின் வேலை இல்லை. இந்தியா உட்பட 15 நாடுகளில் விற்கும் 757 பவுடர்களின் விளம்பர வாசகங்களை அலசிய ஆய்வு ஒன்று 2023-ல் 'பி.எம்.ஜே.' மருத்துவ இதழில் வெளியானது. அதிகம் தென்பட்ட வாக்குறுதி எது தெரியுமா? மூளை, கண், நரம்பு மண்டல வளர்ச்சிதான். இப்படி ஏதேனும் வாக்குறுதி தந்த பவுடர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று, ஆதாரம் என்று ஓர் ஆய்வைக்கூடக் காட்டவில்லை.

வியாபாரத்தின் கணக்கு எளிது. தாய்ப்பால் குடித்தால் பிள்ளை புத்திசாலியாகும், தாய்ப்பாலில் டி.எச்.ஏ. இருக்கிறது, அதை நாங்கள் பவுடரில் கலந்துவிட்டோம், ஆகவே எங்கள் பவுடர் குடித்தாலும் புத்திசாலியாகும். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம்.

தாய்ப்பாலால் அறிவு கூடுமா?

அமெரிக்காவில் 1929-லேயே ஆராயத் தொடங்கிய கேள்வி இது. தாய்ப்பால் குடித்த பிள்ளைகள் அறிவுத்திறன் தேர்வில் சில புள்ளிகள் கூடுதலாக எடுப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் பணக்கார நாடுகளில் அதிகம் படித்த, வசதியான தாய்மார்கள்தான் நீண்ட நாள் பால் கொடுக்கிறார்கள். அப்படியானால் பிள்ளையின் மதிப்பெண் பாலால் வந்ததா, வீட்டால் வந்ததா?

ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் 2006-ல் இதைத் தோண்டினார்கள். 5,475 அமெரிக்கப் பிள்ளைகளின் விவரங்களை எடுத்து, தாயின் அறிவுத்திறன், படிப்பு, வீட்டுச்சூழல் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தார்கள். மிஞ்சிய வித்தியாசம் அரைப் புள்ளி! ஒரே தாய்க்குப் பிறந்து, ஒன்று தாய்ப்பால் குடித்தும் மற்றொன்று குடிக்காமலும் வளர்ந்த பிள்ளைகளை ஒப்பிட்டபோதும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை.

பிரேசிலின் பெலோட்டாஸ் நகரம் வேறு கதை சொல்கிறது. 1982-ல் அங்கே ஏழை, பணக்காரர் என்ற பேதம் அதிகம் இல்லாமல் தாய்மார்கள் பால் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு 30 வயதான பிறகு சோதித்தபோது, ஒரு மாதம்கூடக் குடிக்காதவர்களைவிட ஓர் ஆண்டுக்கு மேல் குடித்தவர்களுக்கு 3.76 புள்ளிகள் கூடுதல்.

எதை நம்புவது? யார் பால் கொடுக்க வேண்டும், யார் கொடுக்கக் கூடாது என்று சீட்டுக் குலுக்கித் தாய்மார்களைப் பிரிப்பது தர்மம் ஆகாது. அதனால் கனடாவின் மைக்கேல் கிராமர் குழுவினர் பெலாரஸ் நாட்டில் மருத்துவமனைகளைக் குலுக்கினார்கள். 31 இடங்கள், 17,046 குழந்தைகள். பாதி இடங்களில் தாய்ப்பால் ஊட்ட ஊழியர்களுக்குச் சிறப்புப் பயிற்சி, மீதி இடங்களில் வழக்கம்போல. பயிற்சி பெற்ற பக்கம் மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள் 43 சதவீதம், மறுபக்கம் 6 சதவீதம். ஆறரை வயதில் சொல்திறனில் 7.5 புள்ளி கூடுதல் என்று 2008-ல் அறிவித்ததும் உலகெங்கும் தலைப்புச் செய்தி. ஆனால் தேர்வு வைத்த மருத்துவர்களுக்கு எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் என்பது தெரியும். அதே பிள்ளைகள் 16 வயதில் கம்ப்யூட்டரில் தேர்வு எழுதியபோது ஒட்டுமொத்த அறிவுத்திறனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சொல்திறனில் மட்டும் 1.4 புள்ளி மிஞ்சியது. 2018-ல் வந்த இந்த முடிவு தலைப்புச் செய்தி ஆகவில்லை!

ஆக, நன்மை இருக்கலாம், இருந்தாலும் சிறியது. வகுப்பில் கடைசி பெஞ்சையும் முதல் பெஞ்சையும் பிரிக்கும் அளவு இல்லை.

டப்பாவில் கலந்தால்?

முதல் படியே இவ்வளவு ஆட்டம் காண்கிறது. அடுத்த படி இன்னும் மோசம். பிரிட்டனில் சத்து கூட்டிய பவுடரையும் சாதாரணப் பவுடரையும் குலுக்கல் முறையில் குழந்தைகளுக்குக் கொடுத்து நடந்த ஏழு சோதனைகள் உண்டு. அவற்றில் பங்கேற்ற 1,763 பேர் வளர்ந்து எழுதிய பள்ளித் தேர்வு மதிப்பெண்களை 2021-ல் எடுத்துப் பார்த்தார்கள். சத்து கூட்டிய பவுடர் குடித்தவர்களுக்கு 16 வயதில் எந்த முன்னிலையும் இல்லை. டி.எச்.ஏ. போன்ற கொழுப்பு அமிலம் சேர்த்த பவுடர் குடித்தவர்கள் 11 வயதில் ஆங்கிலத்திலும் கணக்கிலும் சற்றுக் குறைவாகவே எடுத்திருந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1992-ல் வந்து 2003-ல் இறுக்கப்பட்ட சட்டம் இந்தியாவில் இருக்கிறது. இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான பால் பவுடர், டப்பா உணவு, பால் புட்டி எதற்கும் விளம்பரம் கூடாது. இலவச டப்பா, பரிசுப்பை, தள்ளுபடி கூடாது. டப்பாவில் குழந்தை படமோ தாய் படமோ கூடாது. மருத்துவருக்கும் நர்ஸுக்கும் கம்பெனி அன்பளிப்பு கொடுக்கக் கூடாது.

அப்புறம் எப்படி டிவியில் வருகிறது? இரண்டு வயது தாண்டிய பிள்ளைகளுக்கான பானம் என்று சொல்லி விளம்பரம் செய்வார்கள். நிறமும் எழுத்தும் பெயரும் கைக்குழந்தை டப்பாவைப் போலவே இருக்கும். கண் ஒன்றைப் பார்க்கும், கை மற்றொன்றை எடுக்கும். பிரசவ வார்டில் யாராவது இலவச டப்பா நீட்டினால் வாங்காதீர்கள். அது சட்டவிரோதம்.

மாமியார்களும் உஷார்!

பால் சுரக்காத தாயிடம் "பிள்ளை மந்தமாகப் போகுதே" என்று சொல்வதற்கு எந்த ஆய்வும் இடம் கொடுக்கவில்லை. அந்தச் சொல்தான் அவளை விலை உயர்ந்த டப்பாவை நோக்கி ஓட வைக்கிறது. தாய்ப்பால் கொடுக்கச் சொல்வதற்கு அசைக்க முடியாத காரணங்கள் வேறு உண்டு. குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் குறையும். தாய்க்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து குறையும். மருத்துவர் பவுடர்தான் என்று சொல்லிவிட்டால் சாதாரணப் பவுடர் போதும். டப்பா சீக்கிரம் தீருகிறதே என்று தண்ணீர் கூட்டிக் கலக்காதீர்கள். குழந்தை மெலிந்துபோகும்.

அறிவாளியான பெரியவர் கையால் சேனை வைத்தால் அவர் புத்தி வரும் என்று சீனித் தண்ணீரும் தேனும் நாக்கில் தடவுவதையும் நிறுத்துங்கள். தேனால் ஒரு வயதுக்குள் பாட்டுலிசம் என்ற நரம்பு நோய் வரலாம். கழுதைப்பாலும் வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் இரும்புச்சத்துள்ள இணை உணவு. ரத்தசோகை பிள்ளையின் கற்கும் திறனைப் பாதிக்கும். அதைக் கவனிக்காமல் டப்பாவின் பின்னால் ஓடுவதில் அர்த்தமில்லை.

மூளைக்கு உண்மையான ஆபத்து இதோ

மூளையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் முதல் வாரத்தைக் கவனியுங்கள். பால் போதாமல் போனால் சர்க்கரை அளவு குறையும், உடல் வறளும், மஞ்சள் காமாலை ஏறும். அளவு மீறி ஏறிய காமாலை மூளையில் நிரந்தரச் சேதம் செய்யலாம். கவனிக்க வேண்டியவை:

- ஐந்தாம் நாளுக்குப் பிறகும் ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர்
- பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் நிறம், அல்லது உள்ளங்கை, பாதம் வரை மஞ்சள்
- எழுப்பினாலும் பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, கீச்சென்ற அழுகை

இதில் ஒன்று தெரிந்தாலும் காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். நடு இரவானாலும் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள்.