பரிசு போனால் என்ன?

ராத்திரி பகலாய் நாம் செய்யும் பிராஜெக்ட், வைவா முடிந்ததும் எங்கே போகிறது? லேப் மூலைக்குத்தானே! அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இதற்கொரு வழி கண்டார்கள். 1990-ல் மாணவர்களுக்காக 10 ஆயிரம் டாலர் பரிசுப் போட்டி தொடங்கியது. 2006-ல் அது 1 லட்சம் டாலர் போட்டியானது. கண்டுபிடிப்பைக் காட்டினால் மட்டும் போதாது. யார் வாங்குவார், என்ன விலை, எவ்வளவு செலவு என்று திட்டம் எழுதித் தர வேண்டும்.

1998-ல் டேனியல் லெவின் என்ற மாணவரும் பேராசிரியர் டாம் லெய்ட்டனும் இணையதள நெரிசலைத் தீர்க்கும் கணக்கோடு வந்தார்கள். இறுதிச் சுற்றோடு சரி, முதல் பரிசு கிடைக்கலை. சோர்ந்தார்களா? அதே ஆண்டில் 'அகமாய்' கம்பெனியைத் தொடங்கினார்கள்; இன்றும் அது நடக்கிறது. ஆகவே ரெக்கார்டு நோட்டை மூடுமுன் இன்னொரு பக்கமும் எழுதுவோம்: இதை யார் வாங்குவார்?